முதல் தண்ணீர்

“அந்த வாளியத் தூக்கிட்டு எங்க போற, ராயி?”

“நம்ம புள்ளைக்குத் தண்ணி ஊத்தப் போறேன்.”

“துணி தொவைச்ச தண்ணியவா?”

“மூணாவது அலசலுங்க. கைய வுட்டுப் பாருங்க, கெணத்துத் தண்ணியாட்டந்தான் இருக்கும். குடிக்கறதுக்கே ரெண்டு கொடம் கெடைக்கல, புல்லுக்கு எங்க போறது?”

“என்னா புல்லு?”

“அருகம்புல்லு நட்டிருக்கேன். வெறும் மண்ணா வுட்டா நாய் பறிக்குது.”

அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ராயம்மாள் வாளியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். பிரசவமாகி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

“சாமியார்கிட்ட ஒரு வார்த்த கேளுங்க. அவள கல்லறை செவுத்துக்கு உள்ள சேத்துக்கச் சொல்லி. பெத்தவன் வாயால கேட்டாத்தான் மொற.”

“கேக்கறேன்,” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அது அறுபத்திரண்டாம் வருஷம். இப்போது எழுபத்துநாலு ஐப்பசி. நடுவில் பங்குக் கோயிலுக்கு மூன்று சாமியார்கள் வந்து மாற்றலாகிப் போய்விட்டார்கள். ஸ்தனிஸ்லாஸ் இன்னும் கேட்கவில்லை.

பொம்மிடி ஸ்டேஷனில் அவர் பாயிண்ட்ஸ்மேன். ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகிற வண்டிகளுக்கெல்லாம் தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. அந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான்: மேலே இருக்கிறவர் சொல்லாமல் எந்த லீவரிலும் கை வைக்கக் கூடாது. கண்ணுக்கு நேரே வண்டி வந்து நின்று கூவினாலும், உத்தரவு வந்த பிறகுதான் கை நீள வேண்டும். அந்தப் பாடத்தை அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. பெண் குழந்தை பிறந்த அன்றுகூடத் தவறவிடவில்லை.

அன்று மத்தியானம் வீட்டில்தான் இருந்தார். குழந்தை பிறந்ததும் அழவில்லை. மூச்சு மட்டும் இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. பிரசவம் பார்க்க வந்த இன்னாசியம்மாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

“ஸ்தனிஸ்லாசு, ஒரு செம்புல தண்ணி எடுத்துட்டு வா. இது தாங்காது. எங் கை இவள வுட்டு எடுக்க முடியாது, ரத்தம் நிக்கல. நீயே தலையில ஊத்தி ஞானஸ்நானத்தச் சொல்லிப்புடு.”

“நானா?” என்று கேட்டார் அவர். செம்பு கையில் இருந்தது. தண்ணீரும் இருந்தது. “நான் எப்படி ஊத்தறது? உபதேசியாரக் கூட்டியாரேன். ஒரு நொடி.”

செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். கோயிலுக்குப் பக்கத்தில்தான் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற சின்னப்பன் உபதேசியார் வீடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் உடனே ஓடிவந்தார். இருவரும் வாசலுக்கு வந்தபோது, உள்ளே இன்னாசியம்மாள் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். செம்பு வைத்த இடத்திலேயே இருந்தது.

உபதேசியார் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. “ஆபத்துன்னா யாரு வேணா ஊத்தலாமேப்பா. ஞானோபதேசத்துல படிச்சமே,” என்றார், மெதுவாக.

படித்ததுதான். சின்ன வயதில் வரிசையில் உட்கார்ந்து ஒப்பித்ததுதான். அந்த நேரத்தில் அவர் காதில் ஒலித்தது ரயில்வே பாடம் மட்டுமே.

ஞானஸ்நானம் பெறாத குழந்தையை மந்திரித்த மண்ணில் புதைப்பது அன்றைக்கு வழக்கமில்லை. கல்லறைத் தோட்டத்தின் கிழக்குச் சுவருக்கு வெளியே, நாலு அடி தள்ளி, உபதேசியாரும் ஸ்தனிஸ்லாஸுமாக அன்று சாயங்காலமே குழி எடுத்தார்கள். சிலுவை நடவில்லை. பெயர் வைக்காத குழந்தைக்கு எந்தப் பெயரை எழுதுவது? அப்புறம் இரண்டு வருஷத்தில் உபதேசியாரும் காலமாகிவிட்டார். இன்னாசியம்மாள் மகளோடு பாலக்கோட்டுக்குக் குடிபோனாள். அந்த இடம் எது என்று தெரிந்தவர்கள் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான்.

அதற்குப் பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். இரண்டு பிரசவத்துக்கும் ஸ்தனிஸ்லாஸ் ஒரு செம்புத் தண்ணீரைக் கையில் பிடித்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார். தேவைப்படவில்லை. பையன்கள் இப்போது தர்மபுரியில் போர்டிங்கில் படிக்கிறார்கள்.

ராயம்மாளுடைய துணி துவைக்கும் கல் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அவள் துவைக்கிற விதத்தைப் பார்த்து அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள். மூன்று பாத்திரம் வைத்திருப்பாள். முதல் தண்ணீர் நுரையும் அழுக்குமாக இருக்கும். அது வாய்க்கால் வழியாக ஓடிக் கல்வாழைக்குப் போகும். இரண்டாவது தண்ணீரை முருங்கைக்கும் இரண்டு வாழைக்கும் ஊற்றுவாள். மூன்றாவது அலசலை மட்டும் வாளியில் எடுத்து வைத்துவிடுவாள். அதில் யாரும் கைகழுவக்கூட விடமாட்டாள்.

“ஏண்டி ராயம்மா, அழுக்குத் தண்ணிக்குப் பூட்டுப் போடறவ நீ ஒருத்திதான்,” என்பாள் எதிர் வீட்டு மாதம்மாள்.

“பூட்டு வெச்சிருந்தா போட்டிருப்பேன்க்கா,” என்பாள் இவள்.

ஆரம்பத்தில் சோடா உப்புப் போட்டுத்தான் துவைத்தாள். ஸ்தனிஸ்லாஸின் நீல உடுப்பில் ஏறுகிற கிரீஸும் கரியும் அதற்குத்தான் போகும். ஒரு கோடையில் முருங்கையின் இலை ஓரமெல்லாம் கருகியது. மறுவாரம் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போய் வந்தவள், சாப்பாடு போடும்போது சொன்னாள்.

“புல்லு நுனியும் காயுதுங்க. சோடாத் தண்ணி வேர எரிக்குது போல. இனிமே அது வேண்டாம்.”

அன்றிலிருந்து பூந்திக்கொட்டைதான். சித்தேரி மலையிலிருந்து சந்தைக்கு வருகிறவர்களிடம் ஒரு படி வாங்கி வைத்துக்கொண்டு, ஊறவைத்து நசுக்கித் துவைப்பாள். துணி மெத்தென்று வரும். ஆனால் கிரீஸ் கறைக்கு அது எந்த மூலைக்கு? நீல உடுப்பு நாளுக்கு நாள் மங்கிச் சாம்பல் நிறமானது. ஸ்டேஷன் மாஸ்டர் ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“என்னய்யா ஸ்தனிஸ்லாஸ், மாசம் பொறந்தா சம்பளம் வாங்குற. உம் பொண்டாட்டி ஒரு சோப்புக் கட்டி வாங்க மாட்டாளா?”

கேங்மேன்கள் சிரித்தார்கள். ஸ்தனிஸ்லாஸும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை. மறுநாளும் அதே உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார். இத்தனை வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் குழந்தைக்காக அவர் செய்தது அது ஒன்றுதான். அது ராயம்மாளுக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

சனிக்கிழமைகளில் இன்னொரு தண்ணீரும் உண்டு. கோயிலின் பூசைத் துணிகளை வெளுத்துக் கொடுப்பது ராயம்மாள் பொறுப்பு. பூசையில் மந்திரித்த ரசம் வைக்கிற திருப்பாத்திரத்தைத் துடைக்கிற சின்னத் துணிகளைச் சாமியாரே முதலில் ஒரு முறை அலசிவிடுவார். அந்த முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. கால் படாத மண்ணில்தான் சேர்க்க வேண்டும். அதை ஒரு பித்தளைச் செம்பில் ஊற்றித் துணிகளோடு அவளிடம் கொடுத்துவிடுவார்கள். சின்னப்பன் உபதேசியார் காலத்திலேயே அப்படித்தான்.

“கால் படாத எடமா பாத்து ஊத்து,” என்று அவர் முதல் தடவை சொன்னபோது, ராயம்மாள் ஊரை ஒருமுறை மனதுக்குள் சுற்றிப் பார்த்தாள். ஆடு மாடு மேயாத, ஆள் நடக்காத இடம் எது? சுவருக்கு வெளியே நாலடி தள்ளி ஒரு இடம்தான் அவளுக்குத் தெரிந்தது. வீட்டுத் துணியில் முதல் தண்ணீர் கழிவு. கோயில் துணியில் முதல் தண்ணீர்தான் பரிசுத்தம். ஒரு சொட்டும் தலையில் விழாமல் போன பிள்ளைக்கு, வாரம் தவறாமல் அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

ஸ்தனிஸ்லாஸ் கேட்கப் பார்க்காமல் இல்லை. ஒவ்வொரு சாமியார் வந்ததும் ஒரு முறை வாய் வரைக்கும் வரும். பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரக்கூண்டின் ஓரம் முழங்காலிட்டுச் சின்னச் சின்னப் பாவங்களையெல்லாம் வரிசையாகச் சொல்லுவார். டூட்டியில் கண் அசந்தது, பெரியவனை அடித்தது, பூசைக்குப் பிந்தி வந்தது. அதோடு எழுந்துவிடுவார். கேட்டால் சாமியார் திருப்பிக் கேட்கக்கூடிய முதல் கேள்வி அவருக்குத் தெரியும். பிள்ளைக்கு உயிர் இருந்ததா? இருந்தது. பக்கத்தில் யார் இருந்தது?

அந்த எழுபத்துநாலாம் வருஷம் மழை மூன்றாவது முறையாகப் பொய்த்துப் போனது. ஐப்பசி பிறந்தும் வானம் வெளுத்துக் கிடந்தது. ஊர்க் கிணற்றில் பெண்கள் முறை போட்டுச் செம்பால் மொண்டார்கள். ஸ்டேஷன் குழாயில் சொட்டுவதை ஸ்தனிஸ்லாஸ் ஒரு தகரத்தில் பிடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ராயம்மாளின் முருங்கை பட்டுப்போனது. ஒரு வாழை சாய்ந்தது. துவைக்கிற துணியைப் பாதியாகக் குறைத்தாள். தன் சேலையை வாரத்துக்கு இரண்டு நாள்தான் மாற்றினாள். மூன்றாவது அலசல் மட்டும் குறையவில்லை. அரை வாளியானாலும் போனது.

புதுச் சாமியார் வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இளைஞர். கல்லறைத் தோட்டத்துச் சுவர் மூன்று இடத்தில் சரிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்குள் கட்டி முடித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். கல் இருந்தது. மாரப்பன் கொத்தனார் வந்தார். கல்லுக்கு நடுவில் வைக்கச் சேறு வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை காலை, ராத்திரி டூட்டி முடிந்து தகரத் தண்ணீரோடு வீட்டுக்குத் திரும்பிய ஸ்தனிஸ்லாஸ், கல்லறைத் தோட்டத்தின் வெளிப்புறம் மாரப்பன் தனியாக நிற்பதைப் பார்த்தார்.

“வாங்க ஸ்டேஷன்காரரே. எத்தினி வண்டிய அனுப்பி வெச்சீங்க?” என்றார் மாரப்பன்.

“போறதெல்லாம் போயிடுச்சி. என்னா, தனியா நிக்கறீங்க?”

“மண்ணு தேடறங்க. எங்க குத்தினாலும் கடப்பாற ‘ணங்’குனு திரும்பி வருது. தோள்பட்டை எறங்கிப் போச்சி. இங்க வந்து பாத்தா...” மாரப்பன் கடப்பாறையைச் சாய்த்து ஒரு இடத்தைக் காட்டினார். “ஊரே காஞ்சி கெடக்குது, இங்க மட்டும் பச்சப் புல்லு. அடியில ஊத்து இருக்குமோ என்னவோ. லேசா வெச்சேன், ஒரு சாண் உள்ள போவுது. வெண்ணெதான்.”

இரண்டு முழ நீளம், ஒரு முழ அகலம். அருகம்புல் விரல் உயரத்துக்கு அடர்ந்திருந்தது. அதன் ஓரத்தில் கடப்பாறை குத்திய ஓட்டை ஒன்று புதிதாகத் தெரிந்தது.

“இங்கயா எடுக்கப் போறீங்க?”

“வேற எங்க? சேத்துக்கு இந்த எடமே சரி. நல்ல ஆழமாத் தோண்டிக்கிட்டா செவுரு முழுக்கக் கட்டிப்புடலாம். ஒம்பது மணிக்குச் சாமியாரு நூல் புடிக்க வர்றாரு. அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு ஆரம்பிச்சிட வேண்டியதுதான்.”

ஸ்தனிஸ்லாஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வீடு வரைக்கும் ஏறி மிதிக்க வேண்டும் என்பதே அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

ராயம்மாள் கல்லடியில் அலசிக்கொண்டிருந்தாள். துவைத்த பூசைத் துணிகள் கொடியில் வெள்ளையாகத் தொங்கின. பித்தளைச் செம்பு, மேலே ஒரு தட்டுப் போட்டு, கல்லுக்கு எட்ட ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

“காப்பி அடுப்பு மேல இருக்குதுங்க. ஊத்திக்கறீங்களா? கையில ஈரம்.”

“ராயி.”

அந்தக் குரலுக்கு அவள் நிமிர்ந்தாள்.

“மாரப்பன் குழி எடுக்கப் போறாரு. சேத்துக்கு.”

“எங்க?”

“அங்கதான். அங்க மட்டுந்தான் ஈரம் இருக்குதாம்.”

அவள் கையில் ஸ்தனிஸ்லாஸின் இன்னொரு உடுப்பு இருந்தது, பாதி பிழிந்தபடி. அதைப் பிழியவும் இல்லை, கீழே போடவும் இல்லை. தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து கால் மேல் சொட்டியது.

“ஈரம் நான் பண்ணதுங்க,” என்றாள். “பன்னண்டு வருசமா ஊத்தி ஊத்தி, கடப்பாறைக்கு நானே எடம் காட்டி வெச்சிருக்கேன்.”

அவர் அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

“நீ போய்ச் சொல்லியிருக்கலாம், ராயி. மூணு சாமியாருல எவருகிட்டயாவது.”

“போயிருப்பேன். எத்தினியோ தடவ செம்பு வாங்கப் போறப்ப வாய் வரைக்கும் வரும். நீங்க கேக்கறேன்னு சொல்லியிருந்தீங்க. அத நான் எடுத்துட்டுப் போயிட்டா, அப்புறம் உங்களுக்கு அவ விசயத்துல செய்யறதுக்குன்னு என்னா இருக்கும்?”

அவர் தரையில் கிடந்த பூந்திக்கொட்டை ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார்.

“ஏன் ஊத்தலன்னு ஒரு நாளாவது உங்களக் கேட்டிருக்கேனா?”

“இல்ல.”

“கேக்கவும் மாட்டேன். அந்த மத்தியானம் நான் கண்ண மூடிக்கிட்டுதான் கெடந்தேன், ஆனா காது கேட்டுச்சி. ‘உபதேசியாரக் கூட்டியாரேன்’னு ஓடினீங்க பாருங்க, அந்தக் காலடி சத்தம் இன்னும் இருக்குது எனக்குள்ள. வேணும்னு செய்யறவங்க யாரும் அப்படி ஓட மாட்டாங்க.”

தெருவில் மாதம்மாள் யாரையோ தண்ணீர் முறைக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். கோயில் மணி எட்டரை அடித்தது. ராயம்மாள் உடுப்பை முறுக்கிப் பிழிந்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அந்தத் தண்ணீரை வாளிக்குள் விட்டாள். அரை வாளி இருந்தது. எழுந்து சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாளியை எடுக்கக் குனிந்தபோது, ஸ்தனிஸ்லாஸ் அதன் பிடியைப் பற்றினார்.

“நான் எடுத்துட்டுப் போறேன்.”

அவள் கையை விட்டாள். பிறகு, தட்டை எடுத்துவிட்டுச் செம்பையும் அவரிடம் நீட்டினாள்.

“இன்னிக்கு இதையும் இன்னும் ஊத்தல,” என்றாள். “பாத்துப் போங்க, ததும்பும்.”

ஒரு கையில் வாளி, ஒரு கையில் செம்பு. மங்கிப்போன உடுப்போடு அவர் தெருவில் நடந்தார். எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். ஸ்டேஷன்காரர் சைக்கிள் இல்லாமல் கையில் தண்ணீர் சுமந்து அவர்கள் பார்த்ததில்லை. பின்னாலேயே, பத்துத் தப்படி விட்டு, ராயம்மாள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வருகிறாள் என்பது தெரிந்தது.

சாமியார் முன்னாலேயே வந்துவிட்டிருந்தார். வெள்ளை அங்கியை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, சரிந்த சுவரின் பழைய கோட்டில் மாரப்பனோடு சேர்ந்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். நூலுக்கு வெளியே நாலடியில் அந்தப் புல் இருந்தது. கடப்பாறை இப்போது அதன் நடுவில் குத்தி நின்றது.

“வாங்க ஸ்தனிஸ்லாஸ்,” என்றார் சாமியார். “சேறு குழைக்கத் தண்ணியா? மாரப்பன் சொன்னாரா?” சொல்லிக்கொண்டே செம்பைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. “இது காலையில நான் குடுத்த செம்பாச்சே.”

“ஆமாங்க சாமி.”

“இதையா இங்க கொண்டு வந்தீங்க? கால் படாத எடத்துல இல்ல ஊத்தணும்?”

“இதுதாங்க அந்த எடம். பன்னண்டு வருசமா எம் பொண்டாட்டி இங்கதான் ஊத்தறா.”

மாரப்பன் நூலைப் பிடித்தபடி நின்றார். சாமியார் புல்லைப் பார்த்தார், கடப்பாறையைப் பார்த்தார், பத்தடி தள்ளி நின்றுவிட்ட ராயம்மாளைப் பார்த்தார். எதையும் கேட்கவில்லை. அவர் ஏதாவது கேட்டுவிட்டால் தேவலை என்று ஸ்தனிஸ்லாஸுக்கு இருந்தது. கேட்டால் பதில் சொல்லிவிடலாம். அவரிடமிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை.

ஸ்தனிஸ்லாஸ் வாளியைக் கீழே வைத்தார். கடப்பாறையை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பிடுங்கி, தள்ளிப் படுக்க வைத்தார். முழங்காலிட்டு உட்கார்ந்தார். புல்லின் ஒரு முனை எது தலைமாடு என்று குழி எடுத்த அவருக்குத்தான் தெரியும். அங்கே செம்பைச் சாய்த்தார். தண்ணீர் ஒரே சீராக விழவில்லை. கொஞ்சம், மறுபடி கொஞ்சம், மறுபடி கொஞ்சமாக விழுந்தது. மண் அதைச் சத்தமில்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டது.

காலிச் செம்பைப் பிடித்தபடியே சாமியாரை நிமிர்ந்து பார்த்தார்.

“சாமி, இங்க எம் மவ இருக்கறா. பொறந்தப்ப உசிரு இருந்துச்சி. செம்பு எங் கையிலதான் இருந்துச்சி, நான்தான் ஊத்தல.” செம்பைப் புல்லின் ஓரத்தில் வைத்தார். “தப்பு என்னுதுங்க, அவளுது இல்ல. நூல எட்டடி தள்ளிப் புடிங்க சாமி. அவள உள்ள சேத்துக்கங்க.”